கீறிய எழுத்தும் பூசிய மையும்: பெர்த்தாம் பள்ளத்தாக்கும் வான்படங்களின் ஒளி வரலாறும்

கேமராவில் எடுக்கும் படத்துக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. நிழற்படம் என்கிறோம், ஒளிப்படம் என்கிறோம், பேச்சிலும் நாளிதழிலும் புகைப்படம் என்ற சொல்லே முந்தி நிற்கிறது. இவற்றுள் எது சரியான சொல் என்னும் வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆயினும், வானூர்தியோடு தொடர்புடைய படங்களை ஆராயப் புகுவோர்க்கு மூன்று பெயர்களும் மூன்று கேள்விகளாக வந்து நிற்கும். படத்தில் போதிய ஒளி விழுந்ததா? நிழலுக்குள் இருப்பது தெரிகிறதா? இடையில் நின்ற புகைபோன்ற மூட்டம் எவ்வளவு மறைத்தது?

எக்ஸ்போஷர் என்று நிழற்படக் கலைஞர் குறிப்பதை இக்கட்டுரையில் ஒளியளவு என்றும், கான்ட்ராஸ்ட் என்பதை ஒளிவேறுபாடு என்றும் வழங்குவோம். மங்கிய வான்படம் ஒன்றின் ஒளியளவையும் ஒளிவேறுபாட்டையும் இன்று கணினியில் சில நொடிகளில் திருத்திவிடலாம். அவ்வாறு திருத்தும்போது நாம் மறைந்திருந்த வரலாற்றை வெளிக்கொணர்கிறோமா, அல்லது இல்லாத ஒன்றைப் புதிதாக எழுதுகிறோமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், லெம்பா பெர்த்தாம் என வழங்கும் பெர்த்தாம் பள்ளத்தாக்கை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வோம். தோட்டத் தொழிலாளராக வந்த தமிழர் தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்தது குறைவு. அவர்கள் குடியிருந்த இடங்களின் சான்றாகப் படங்களே எஞ்சும் நிலையில், ஒரு படத்தின் இருண்ட மூலை வெறும் இருட்டன்று.

மையாடலும் மைப்படியும்

ஒளிவேறுபாட்டைக் கூட்டிப் படிக்கும் வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. தமிழர் அதை ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே அறிவர். எழுத்தாணி ஓலையில் எழுத்தைக் கீறுகிறது. ஆனால் கீறிய கோட்டுக்குத் தனி நிறமில்லை. ஓலையும் மஞ்சள், கீறலும் மஞ்சள். ஆகவே விளக்குக்கரியையும் இலைச்சாற்றையும் ஓலைமீது தடவித் துடைப்பர். மேற்பரப்பிலுள்ள மை துடைபட்டுப் போகும். கீறலுக்குள் புகுந்தது தங்கும். எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும். இதற்கு மையாடல் என்று பெயர்.

கல்வெட்டுக்கு இம்முறை மறுதலையாக அமைகிறது. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவர். பின் மேலே மை ஒற்றுவர். மேடான கற்பரப்பு கறுக்கும். பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுவே மைப்படி. 1890ஆம் ஆண்டில் ஹூல்ஷ் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி தொடங்கி, நம் வரலாற்றின் பெரும்பகுதி இத்தகைய ஒளிவேறுபாட்டின் துணையால் படிக்கப்பட்டதே.

இவ்விரு முறைகளும் ஒரே நெறியை நமக்குக் கற்பிக்கின்றன. மை, கீறிய எழுத்தைக் காட்டும். கீறாத எழுத்தைக் காட்டாது. ஓலை பழுதுபட்டு எழுத்து உதிர்ந்துபோன இடத்தில் எவ்வளவு மை தடவினாலும் கரி அப்புமேயன்றிச் சொல் தோன்றாது. அவ்விடத்தில் பதிப்பாசிரியர் தாமாக ஒரு சொல்லை இட்டால் அதை அடைப்புக்குறிக்குள் காட்டுவது பதிப்பறம். நிழற்படத்தில் ஒளியளவு என்பது எழுத்தாணியின் கீறல். பின்னர்க் கூட்டும் ஒளிவேறுபாடு மையாடல். இவ்வொப்புமையை மனத்திற்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

1858: இரண்டு வானங்கள்

பாரிசு நகரத்து நிழற்படக் கலைஞர் நாடார் என்னும் பெலிக்ஸ் தூர்னாசோன் 1858ஆம் ஆண்டில் பலூனில் ஏறி வானிலிருந்து படமெடுத்தார். உலகின் முதல் வான்படம் இதுவே என்பர். தொடக்கத்தில் அவர் எடுத்த தகடுகள் மீண்டும் மீண்டும் கறுத்துப் பாழாயின. பலூனிலிருந்து கசிந்த வாயு தகட்டின் வேதிப்பொருள்களைக் கெடுப்பதே காரணம் என்பதைப் பின்னரே அவர் கண்டறிந்தார். கசிவை அடைத்தபின் மங்கலான படம் ஒன்று கிட்டியது. அப்படம் இன்று இல்லை. எஞ்சியிருக்கும் மிகப் பழைய வான்படம், 1860ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த பாஸ்டன் நகரத்தின் படமாகும்.

அதே 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப், திருவரங்கம், மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களில் பெரிய கேமராவோடு பணியாற்றினார். தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டு படத்தில் தெரிவதற்குப் பக்கவாட்டு ஒளி வேண்டும். நேர்முகமாக விழும் ஒளியில் எழுத்தின் பள்ளம் நிழல் கொள்ளாது. சாய்வாக விழும் ஒளியிலேதான் ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலால் தன்னை வரைந்துகொள்ளும்.

டிரைப்பின் படங்கள் நம் வினாவுக்கு இன்னொரு வகையிலும் உதவுகின்றன. அக்காலத்து ஒளிப்பூச்சு நீலத்தை மிகுதியாகவும் பச்சையைக் குறைவாகவும் உணர்ந்தது. சிவப்பை உணரவே இல்லை. ஆகவே கோபுரத்துக்குச் சரியான ஒளியளவு தந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும், மரங்களோ கருந்திட்டுகளாகும். டிரைப் தம் காகித நெகட்டிவ்களின் பின்புறத்தில் வண்ணம் தீட்டி, வெற்று வானத்தில் முகில்களைத் தோற்றுவித்தார், இலைத்தொகுதிகளுக்கும் தெளிவூட்டினார். படங்கள் அழகு பெற்றன. ஆனால் அத்தகைய முகில்களை வைத்து அன்று மதுரையில் மழைமேகம் இருந்ததென்று யாரேனும் எழுதினால் அது பிழையாகும். கல்வெட்டைக் காட்டிய பக்கவாட்டு ஒளி மையாடலைச் சேர்ந்தது. கையால் தீட்டிய முகில் இடைச்செருகலைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே கலைஞரிடம், ஒரே காலத்தில் காணப்படுகின்றன.

வளைகோடு தந்த அளவு

ஒளியளவு என்பது கைப்பழக்கமாக இருந்த நிலையை மாற்றி, அதை அளந்து காட்டியவர்கள் ஹர்ட்டர், டிரிபீல்ட் என்னும் இருவர். படச்சுருளில் விழும் ஒளிக்கும் அதில் உண்டாகும் கறுமைக்கும் உள்ள உறவை அவர்கள் 1890ஆம் ஆண்டில் ஒரு வளைகோடாக வரைந்து வெளியிட்டனர். அவ்வளைகோட்டின் அடிப்பகுதி படுத்திருக்கும். நடுப்பகுதி ஏறுமுகமாக நேரே செல்லும். உச்சிப்பகுதி மீண்டும் படுத்துவிடும்.

இதன் பொருள் எளிது. மிகக் குறைந்த ஒளியில் உள்ள பொருள்கள் அடிப்பகுதியில் நெருங்கிக் கிடக்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. மிகுந்த ஒளியுள்ள பொருள்களும் உச்சிப்பகுதியில் அவ்வாறே ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். நடுப்பகுதியில் விழுந்தவையே தத்தம் வேறுபாட்டைக் காத்துக்கொள்ளும். படமெடுப்பவரின் கடமை, வேண்டிய பொருளை அந்நடுப்பகுதியில் நிறுத்துவது. அவர் தவறவிட்டதைப் பின்னர் வரும் எந்தத் திருத்தமும் முழுமையாக மீட்காது.

நிறக்குருட்டுத்தன்மையும் படிப்படியாகத் தீர்ந்தது. 1873ஆம் ஆண்டில் வோகல் என்னும் ஜெர்மானிய அறிஞர், சாயப்பொருள்களைச் சேர்த்தால் ஒளிப்பூச்சு பச்சையையும் உணரும் என்று கண்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. வானிலிருந்து படமெடுப்போர்க்கு இது பெரும் பேறாயிற்று. காற்றிலுள்ள நுண்துகள்கள் நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கின்றன. தொலைமலை நீலமாகத் தோன்றுவது இதனாலேயே. வில்லையின் முன் மஞ்சள் வடிகட்டியை வைத்து நீலத்தைத் தடுத்தால் மூட்டம் விலகித் தரை தெளியும். ஆனால் நீர்த்துளிகளால் ஆன மூடுபனி எல்லா நிறங்களையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் அதற்கு வடிகட்டியால் பயனில்லை. கேமரன் மலையில் படமெடுக்க முனைந்தோர் எதிர்கொண்ட இடர்களுள் இதுவும் ஒன்று.

பள்ளத்தாக்கின் ஒளி

அரசு நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டில் இம்மலைப்பகுதிக்கு வந்து, மலைகள் சூழ்ந்த மேட்டுநிலம் ஒன்று இங்கிருப்பதாக எழுதினார். ஆனால் அவ்விடம் நிலப்படத்தில் திருத்தமாகக் குறிக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1925ஆம் ஆண்டில் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, மலைவாழிடமாக இதை வளர்க்கலாம் என்று முடிவு செய்தார். தாப்பாவிலிருந்து மலைப்பாதை அமைந்தது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டில் பாரத் நிறுவனம் தொடங்கியது. தேயிலைச் செடியை நடவும் கொழுந்து பறிக்கவும் வந்த தொழிலாளருள் தமிழர் பெரும்பங்கினர். அவர்கள் வருமுன்பே இக்காடுகளைத் தம் தாயகமாகக் கொண்டிருந்தோர் செமாய் முதலிய பழங்குடியினர்.

பெர்த்தாம் ஆறு தானா ராத்தா, ரிங்லெட் வழியே இறங்கி, கீழே ஜெலாய் ஆற்றில் சேர்ந்து, பகாங் ஆற்றுக்குள் கலக்கிறது. மேலே 1,400 மீட்டருக்கும் உயர்ந்த ஊர்கள். இருபுறமும் செங்குத்தான சரிவுகள். நடுவில் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. இத்தகைய நிலத்தின்மேல் பறந்து படமெடுப்பவர்க்கு ஒரு பொழுதும் முழுமையாக உகந்ததன்று. விடியற்காலையில் பள்ளத்தாக்குக்குள் மூடுபனி படுத்திருக்கும். பனி விலகிய காலையில் கதிரவன் இன்னும் சாய்வாகவே இருப்பதால், கிழக்குச் சரிவின் நீண்ட நிழல் பள்ளத்தின்மேல் விழுந்து ஆற்றங்கரைக் குடியிருப்பை மூடும். நிழல் சுருங்கும் நண்பகலிலோ முகில் திரண்டுவிடும். ஒரு சரிவில் கண்கூசும் ஒளி, எதிர்ச்சரிவில் இருள் என்றிருக்கும் இந்நிலத்தை ஒரே ஒளியளவில் அடக்கவேண்டும். படத்தின் நடுவளைவில் எதை நிறுத்துவது, எதை விட்டுவிடுவது என்னும் தேர்வு அப்போதே நிகழ்ந்துவிடுகிறது.

அவசரகாலம் எனப்படும் 1948 முதல் 1960 வரையான ஆண்டுகளில் மலாயாவின் காடுகள் தொடர்ந்து வானிலிருந்து படமெடுக்கப்பட்டன. பிரித்தானிய வான்படையின் 81ஆம் அணி இப்பணியைச் செய்தது. போர்க்காலப் புகழ்பெற்ற ஸ்பிட்பயர் வானூர்தியின் இறுதிச் செயற்பறப்பு 1954ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் மலாயாவின் மேல் நிகழ்ந்ததும் இவ்வணியாலேதான். அதுவும் படமெடுக்கும் பறப்பே. அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதிக்குமேல் பொருந்துமாறு எடுக்கப்பட்டன. இணைப்படங்களை இரட்டைக்கண்ணாடி வழியே பார்த்தால் மரங்கள் மேலெழும்; பள்ளங்கள் தாழும்.

அப்படங்களைப் படித்தவர்கள் தேடியது ஒளிவேறுபாட்டையே. பச்சைக் காட்டுக்குள் சற்றே வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தால் அங்கே மரம் வெட்டப்பட்டிருக்கலாம். அத்திட்டுக்குள் நேர்வரிசைகள் தெரிந்தால் கெரில்லாப் படையினரின் காய்கறித் தோட்டமாக இருக்கலாம். வரிசையின்றிக் கலந்திருந்தால் பழங்குடியினரின் விளைநிலமாக இருக்கலாம். சாம்பல் நிறத்தின் ஒரு படிநிலை வேறுபாட்டில் மனிதரின் உயிரும் உணவும் தங்கியிருந்தன.

இவ்விடத்தில் பீட்டர் வில்லியம்ஸ்-ஹன்ட் என்பவரை நினைத்தல் தகும். இரண்டாம் உலகப் போரில் வான்படங்களைப் படித்தறியும் பணியில் பயிற்சி பெற்ற இவர், வான்படையினர் எடுத்த தென்கிழக்காசியப் படங்களைத் தொல்லியல் நோக்கில் ஆராய்ந்தார். வடகிழக்குச் சயாமில் அகழி சூழ்ந்த பழைய குடியிருப்புகளை அப்படங்களில் கண்டு, 1950ஆம் ஆண்டில் ஆன்டிக்விட்டி என்னும் ஏட்டில் எழுதினார். தரையில் நின்றால் சிறு மேடாகவும் பள்ளமாகவும் மட்டுமே தெரிந்தவை, வானிலிருந்து பார்க்கையில் வட்டங்களாக எழுந்தன. தஞ்சைக் கல்வெட்டைக் காட்டிய அதே சாய்வொளி நெறியே பெருநிலத்திலும் செயற்பட்டது. பின்னர் மலாயாவில் பழங்குடியினர் நல ஆலோசகராகப் பணியாற்றிய இவர் செமாய் இனப் பெண்ணை மணந்து, அம்மக்களைப் பற்றி 1952ஆம் ஆண்டில் நூலும் எழுதி, 1953ஆம் ஆண்டில் விபத்தொன்றில் மறைந்தார். இவர் திரட்டிய வான்படங்கள் லண்டனில் காக்கப்பட்டு வருகின்றன. வேவு பார்ப்பதற்கென எடுத்த படமே, மூலம் அழியாதிருந்தால், வரலாற்றுக்கும் வாய் திறக்கும் என்பதற்கு இத்தொகுப்பு சான்று.

வானத்தில் மறையும் வானூர்தி

இதுவரை வானூர்தியிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தோம். வானூர்தியையே எடுத்த படங்களிலும் இதே சிக்கல் தலைகீழாக அமைகிறது. படமெடுக்கும் ஸ்பிட்பயர்களின் அடிப்புறம் நீலம் பூசப்பட்டிருந்தது. கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது வானோடு கலந்துவிடவேண்டும் என்பதே நோக்கம். வேண்டுமென்றே ஒளிவேறுபாட்டைக் குறைத்துப் பூசிய நிறம் அது. அத்தகைய வானூர்தியின் பழைய படத்தில் இறக்கையும் வானும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அதைப் படத்தின் குறை என்று கொள்ளலாகாது. ஒளிவேறுபாட்டை வலிந்து கூட்டி இறக்கையைக் கருமையாக்கினால், படம் எடுப்பாகத் தோன்றும். ஆனால் அவ்வானூர்தி ஏன் அவ்வாறு நிறம் தீட்டப்பட்டது என்ற வரலாறு மறைந்துவிடும்.

பொதுவாக, வானூர்திப் படம் கறுத்துப்போவதற்குக் காரணம் வானத்தின் ஒளி. கேமராவின் ஒளிமானி, தன் முன்னுள்ளவை எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று கருதிக் கணக்கிடுகிறது. படத்தின் பெரும்பகுதி ஒளிமிக்க வெண்முகிலாக இருக்கும்போது, அது முகிலைச் சாம்பலாக்குகிறது. நடுவிலுள்ள வானூர்தி நிழலுருவாகிவிடுகிறது. எடுக்கும்போதே ஒன்று அல்லது ஒன்றரைப் படி ஒளியைக் கூட்டுவது இதற்குத் தீர்வு. வெள்ளை நிற வானூர்தி நேர்வெயிலில் கரும்பச்சை மலையின் முன் பறந்தால் கணக்கு மாறும்; அங்கே ஒளியைக் குறைக்கவேண்டும். எந்தப் பொருளைக் காட்ட விரும்புகிறோமோ அதற்கே ஒளியளவு உரியது, சூழலுக்கன்று.

எது முதலில் மறைகிறது?

இந்நெறியை இனித் தோட்டத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். பெர்த்தாம் பள்ளத்தாக்கு போன்ற நிலத்தின் வான்படத்தில் தேயிலைச் சரிவு நடுத்தரச் சாம்பலில் விழும். காடு அதனினும் இருண்டிருக்கும். தொழிற்சாலை பெரிய கட்டடமாதலால் எப்படியும் தெரியும். தொழிலாளர் குடியிருந்த லயங்களோ சிறியவை. அவற்றின் தகரக்கூரை வெயிலை அப்படியே திருப்பி அடிப்பதால் வளைகோட்டின் உச்சியில் போய் விழும். அருகருகே உள்ள கூரைகள் ஒரே வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். சரிவின் நிழலில் அமைந்த லயங்களோ வளைகோட்டின் அடியில் கிடக்கும். ஆக, ஒளியளவு சற்றே பிழைத்தாலும் முதலில் மறைபவை தொழிலாளர் வாழ்ந்த இடங்களே.

இதைத் திருத்த வரும் ஒருவர், படம் எடுப்பாகத் தோன்றவேண்டும் என்று எண்ணி ஒளிவேறுபாட்டை ஒரேயடியாகக் கூட்டுவார். தேயிலை வரிசைகள் அழகாகப் பிரிந்து நிற்கும். மலைமுகடு கூர்மை பெறும். அதே கணத்தில் வெள்ளைக்கு அருகிலிருந்த கூரைகள் முழு வெள்ளையாகும். கறுப்புக்கு அருகிலிருந்த குடிசைகள் முழுக் கறுப்பாகும். அஞ்சலட்டைக்கு ஏற்ற படம் கிடைக்கும். ஆனால் எத்தனை லயங்கள் இருந்தன, கோயில் எங்கிருந்தது, ஆற்றுக்குச் சென்ற ஒற்றையடிப் பாதை எது என்று அறிய விழையும் மாணவர்க்கு அப்படம் பயன்படாது.

தரையில் எடுத்த படங்களிலும் இதே கதையைக் காண்கிறோம். வெண்ணிறச் சுவருக்கும் வெள்ளை உடைக்கும் ஒளியளவு வைத்தால் கருநிற முகங்கள் இருளில் அமிழும். வண்ணப்படக் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டை என்னும் அளவுகோற்படத்தில் நெடுங்காலம் வெள்ளை இனப் பெண்ணின் முகமே இருந்தது. அம்முகம் சரியாகத் தெரிந்தால் நிறம் சரி என்று கொள்ளப்பட்டது. படக்கருவி நடுநிலையானது என்று நாம் நம்புகிறோம். ஆனால் எதை நடு என்று வைப்பது என்பதை மனிதரே முடிவு செய்கிறார்கள்.

கணினியில் செய்யத்தக்கதும் தகாததும்

இன்று பழைய வான்படத்தை வருடி மூலம் கணினிக்கு மாற்றித் திருத்துகிறோம். ஆசிரியரும் மாணவரும் கைக்கொள்ளத்தக்க நெறிகளை இனிச் சொல்வோம்.

மூலத்தை ஒருபோதும் திருத்தலாகாது. முதலில் வருடிய கோப்பைத் தனியே காத்து, அதன் படியிலேதான் பணியாற்றவேண்டும். மூல ஓலையை எரித்துவிட்டு அச்சுநூலை மட்டும் வைத்துக்கொள்ளும் பதிப்பாசிரியர் எவரும் இலர்.

வருடும்போது நிறைய படிநிலைகளோடு வருடவேண்டும். 8 பிட் கோப்பில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகளே உள்ளன. 16 பிட் கோப்பில் 65,536 படிகள். நிழலுக்குள் 20 படிகள் மட்டும் இருந்தால், அவற்றை இழுத்து விரிக்கும்போது இடைவெளிகள் தோன்றிப் படம் பட்டை பட்டையாகப் பிளவுபடும். அப்பட்டைகளைப் பாதைகளென்றும் வரப்புகளென்றும் மயங்கிவிடக்கூடும்.

அடுத்து, படத்தின் ஒளிப்பரவல் வரைபடத்தைப் பார்க்கவேண்டும். எத்தனை புள்ளிகள் எந்த ஒளிநிலையில் உள்ளன என்பதை அது காட்டும். மூட்டமுள்ள வான்படத்தில் மேடு முழுதும் நடுவில் குவிந்து, இரு ஓரங்களும் வெறுமையாகக் கிடக்கும். இடவோரத்தைக் கறுப்பின் தொடக்கத்துக்கும் வலவோரத்தை வெள்ளையின் தொடக்கத்துக்கும் இழுத்தால் மூட்டத்தின் பெரும்பகுதி விலகும். ஓரத்தைத் தாண்டி உள்ளே வெட்டினால் சான்று அழியும். இவ்வெல்லையில் நிறுத்தக் கற்பதே திருத்துவோர்க்கு முதற்பாடம்.

அதன்பின் வளைகோட்டைக் கொண்டு நடுநிலைகளைச் சரிசெய்யலாம். மேல்வளைவில் கூரைகளையும் அடிவளைவில் நிழலையும் காக்கவேண்டும். சரிவுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று எனப் பகுதிவாரியாகத் திருத்துவதிலும் தவறில்லை. இருட்டறையில் அச்சிட்டவர்கள் கையை அசைத்து ஒரு பகுதிக்கு ஒளியை மறைத்ததும் அதுவே. ஆனால் இத்தகைய திருத்தம் இருண்ட சரிவையும் ஒளிர்ந்த சரிவையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடுவதால், எது நிழலில் இருந்தது என்ற செய்தி அழிந்துவிடும். நிழலின் திசையை வைத்தே படமெடுத்த பொழுதை அறிகிறோம் என்பதை மறத்தலாகாது.

இன்று புதிதாகப் படமெடுப்போர் ஒன்றை நினைவிற்கொள்ளவேண்டும். படச்சுருளின் உச்சிவளைவு மெல்லப் படுக்கும். எண்மக் கேமராவில் அவ்வளைவு இல்லை, எல்லையைத் தொட்டதும் ஒளி முழு வெள்ளையாக முடிந்துவிடும். ஆகவே பழைய படச்சுருளில் நிழலுக்கு ஒளியளவு வைத்தவர்கள், இன்று ஒளிமிக்க இடத்தைக் காத்துக்கொண்டு, நிழலைப் பின்னர் உயர்த்துகிறார்கள்.

இறுதியாக, செய்ததை எழுதிவைக்கவேண்டும். எந்த மூலம், எந்த நாள், எந்தத் திருத்தம், எவ்வளவு என்னும் நான்கு குறிப்புகள் போதும். செயற்கை அறிவுச் செயலிகள் இன்று மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருகின்றன. அவற்றுட் பல, படத்தில் இல்லாத இலையையும் ஓட்டையும் சன்னலையும் தாமே கற்பித்து நிரப்புகின்றன. அது மையாடலன்று, டிரைப் தீட்டிய முகிலின் வழிவந்தது. அழகுக்காகச் செய்தால் அழகுப்படம் என்றே பெயரிடவேண்டும், சான்றாக வைக்கலாகாது.

இரண்டு படங்களை ஒப்பிடும்போது

இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று கேட்கலாம். பெர்த்தாம் பள்ளத்தாக்கே இதற்கு விடை தரும். 1963ஆம் ஆண்டில் ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணை நிறைவுற்றது. பெர்த்தாம் ஆறு தேங்கி ஏரியாயிற்று. மேற்சரிவுகளில் காடு குறைந்து விளைநிலமும் கட்டடமும் பெருகப் பெருக, மண் அரித்து வந்து ஏரியில் படிந்தது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 23ஆம் நாளின் நள்ளிரவை ஒட்டிய பொழுதில் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் லெம்பா பெர்த்தாமுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுசென்றது. எந்தச் சரிவு எப்போது வெட்டப்பட்டது, ஆற்றின் கரை எங்கிருந்தது, குடியிருப்பு எப்போது கரைக்கு இறங்கியது என்பவை அன்றுமுதல் கற்றோர் கேட்கும் வினாக்கள் மட்டுமல்ல. அங்கு வாழ்வோரின் வினாக்களும் ஆயின.

இவற்றுக்கு விடைகாண வெவ்வேறு ஆண்டுகளின் வான்படங்களை அருகருகே வைத்து ஒப்பிடவேண்டும். ஒரு படத்தின் ஒளிவேறுபாட்டைக் கூட்டி, மற்றொன்றைக் கூட்டாமல் வைத்தால், காடு அழியாத இடத்தில் அழிந்ததுபோலத் தோன்றும். அழிந்த இடத்தில் அழியாததுபோலத் தோன்றும். வெட்டிய மண்ணும் வெயில்பட்ட புல்லும் சாம்பல் நிறத்தில் ஏறத்தாழ ஒன்றே. கலங்கிய நீர் வெளிறித் தெரியும். தெளிந்த நீரும் கதிரவனைத் திருப்பிக் காட்டும் கோணத்தில் வெளிறியே தெரியும். நிறத்தை மட்டும் நம்பாமல், வடிவத்தையும் நிழலையும் அண்டைப் பொருளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மாறாத பொருள் ஒன்றை, எடுத்துக்காட்டாகப் பாறையையோ சாலையையோ, இரண்டு படங்களிலும் ஒரே சாம்பலாக அமையுமாறு சரிசெய்தபின்பே மற்றவற்றை ஒப்பிடலாம்.

தோட்டப்புறப் பள்ளிகளில் பயிலும் மாணவர், தம் குடும்பத்துப் பெட்டிகளில் கிடக்கும் படங்களையும் இக்கண்கொண்டு பார்க்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். தாத்தா பாட்டியர் நின்றிருக்கும் வரிசைக்குப் பின்னால் உள்ள இருளில் ஒரு லயத்தின் வாசலோ, சாமி மரமோ, இன்று ஏரிக்குள் கிடக்கும் ஒரு கரையோ இருக்கலாம். மூலத்தைக் காத்து, நிழலை மெல்ல உயர்த்தி, அங்கு என்ன தெரிகிறதென்று முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஒளி கீறி வைத்தது அவ்விருளுக்குள் இருந்தால் அது வெளிவரும். இல்லையென்றால், அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றே எழுதிவைப்போம். அவ்வெற்றிடத்தையும் நேர்மையாகக் காப்பது வரலாற்றுக்கு நாம் செய்யும் தொண்டு.